கழற்றித் துவைக்கிற சோபா

கழற்றித் துவைக்க முடியாத எதுவும் நோயாளி பக்கத்தில் வரக்கூடாது. மணியம்மாளுக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். அவள் மடித்துச் செருகிய படுக்கை விரிப்பு, ஆள் எப்படிப் புரண்டாலும் மூலை அவிழாது.

இப்போது வேங்கிக்கால் என்ற ஊரில் இராமலிங்கம் சாரை அவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறாள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். நடக்கிறார், ஆனால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

சென்னையிலிருந்து மகன் அருண்பிரசாத் போனில் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கிழமை வர்றேன். யாரும் தூக்காம அப்பா தானா எழுந்துட்டார்னா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன்."

சென்னை வீடு பதினோராவது மாடி. ஒரு நாளைக்கு ஒரே காபி, அதுவும் சர்க்கரை இல்லாமல். இராமலிங்கத்துக்குப் போக இஷ்டமில்லை.

"உங்க கால்ல பலம் இருக்கு சார். வீட்ல இருக்கற சோபாதான் பள்ளம்," என்றாள் மணியம்மாள். பிளாஸ்டிக் நாற்காலியோ எழும்போது வழுக்கியது.

ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் காலி செய்த வீட்டில் ஒற்றைச் சோபா ஒன்று மலிவாகக் கிடைத்தது. கைப்பிடியும் சட்டமும் நல்ல மரம். துணியைத்தான் பூனை பிறாண்டி நாராக்கியிருந்தது.

"ஏம்மா, இது சோபாவா, பூனை குட்டி போட்ட எடமா?" என்றார் இராமலிங்கம்.

"கழுவினா மனுஷன் உக்கார்ற எடம்தான் சார்."

மணியம்மாள் இதற்குமுன் சோபாவைத் தொட்டுத் துடைத்ததோடு சரி. பழைய துணியைப் பிடித்திருந்த பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அடியில் தொய்ந்திருந்த பட்டைகளை மாற்றி இழுத்து ஆணி அடித்தாள். இராமலிங்கத்தின் முழங்கால் உயரத்தை அளந்து, அதைவிட நாலு விரல் மேலே வரும்படி இலவம் பஞ்சை அடைத்தாள். அளவு அச்சாக இருந்தது. உட்கார வைத்தாள்.

"மணியம்மா, நான் எங்க போய்க்கிட்டு இருக்கேன்?"

"சோபாவுலதான் சார் இருக்கீங்க."

"ஜன்னல் மேல போவுதே!"

அவரை வெளியே எடுக்க அவளுடைய அத்தனை வருட அனுபவமும் தேவைப்பட்டது. ஆள் உட்காராத சோபாவை அளந்திருக்கிறாள்.

ஆட்டோ சீட் தைக்கிற கவுஸ் பாஷாவின் கடைக்குப் போனாள்.

"பஞ்சு தலைக்கு வெக்கறதும்மா," என்றார் அவர். "டிரைவர் நாள் முச்சூடும் உக்கார்றாரே, அந்த சீட்டு அமுங்குதா? அந்த ஃபோம் தர்றேன். மேல ரெக்ஸின் போட்டு சுத்திப் பின் அடிச்சுடுங்க."

"இந்த ஊர் வெயிலுக்கு ரெக்ஸின் முதுகுல ஒட்டிக்கும் பாய். துணிதான். பின் அடிச்சா எப்படித் தொவைக்கறது?"

"சோபாவை யாரும்மா தொவைப்பாங்க?"

"நான்."

பாய் ஃபோமை வெட்டினார்.

இந்த முறை இராமலிங்கத்தை உட்கார வைத்தே அளந்தாள். தடித்த பருத்தித் துணியைப் போர்த்தி, மூலைகளை ஆஸ்பத்திரிக் கட்டில் போலவே மடித்து அடியில் செருகினாள். ஒரு பின் கிடையாது.

ஞாயிறன்று அருண்பிரசாத் காலிப் பெட்டியோடு வந்தான். அப்பா சோபாவில் இருந்தார். மணியம்மாள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நுனிக்கு வாங்க சார். காலைப் பின்னாடி இழுங்க. மூக்கு முட்டிக்கு நேரா. கையால மரத்தை அழுத்துங்க."

இராமலிங்கம் எல்லாம் செய்தார். மரத்துக்குப் பதில் துணியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். முனகினார், ஆடினார், எழுந்துவிட்டார். கூடவே துணியும் எழுந்தது. நான்கு மூலையும் அவிழ்ந்து, படுக்கை விரிக்க வந்தவர் போல விரிப்பும் கையுமாக நின்றார்.

மணியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாக அவள் மடித்த மூலைகள் எல்லாம் படுத்திருப்பவர்களுக்கு.

"இது எப்படிங்க கணக்கு?" என்றான் அருண்பிரசாத். "துணியைப் பிடிச்சுக்கிட்டு இல்ல எழுந்தாரு?"

"துணியா அவரத் தூக்குச்சு? அவர்தாங்க துணியத் தூக்கினாரு."

அவன் சிரித்துவிட்டான். பெட்டியைக் காலியாகவே கொண்டுபோய்க் காரில் வைத்தான்.

"மணியம்மா, காபி," என்றார் இராமலிங்கம், இன்னும் நின்றபடியே. "சர்க்கரை போட்டு."

"உக்காந்து இன்னொரு தடவை எழுந்திருங்க. அப்புறம் காபி."

மறுநாள் துணியின் நான்கு மூலையிலும் நாடா தைத்துச் சோபாக் காலில் கட்டினாள். பின் அடிக்க மட்டும் அவள் கடைசிவரை சம்மதிக்கவில்லை.