எல்லோருக்கும் ஒரு வசனம்

என் மாமா எழுதிய நாடகங்களில் எப்போதும் ஆட்கள் அதிகம். கதை கேட்டதால் அல்ல, பெற்றோர் கேட்டதால். நோர்வேயில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி வசனம் கொடுக்காமல் இறக்கிவிட்டால், அந்தப் பிள்ளையின் தாய் அடுத்த விழா வரைக்கும் மாமாவோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். ஆகவே அவருடைய ராஜாக்களுக்கு அரண்மனை கொள்ளாத அளவுக்கு மந்திரிமார் இருந்தார்கள். எல்லோரும் வரிசையாக வந்து, "மன்னா, நாட்டில் மழை இல்லை" என்பது போல ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பத்து வயதான ஆண்டு மாமா ஒரு பேருந்தைக் கண்டுபிடித்தார். பேருந்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏறியவர்கள் எல்லோரும் ஏதாவது கதைக்கலாம். ஊரில் ஒரு பேருந்து போகிறது. சோதனைச் சாவடியில் இராணுவத்தினன் அதை மறிக்கிறான். எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்க்கிறான். ஒரு தாயை மட்டும் திரும்ப ஏறச் சொல்லிவிட்டு அவளுடைய மகனை நிறுத்திக்கொள்கிறான். பேருந்து போய்விடுகிறது, தாய் அழுகிறாள். பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்த மாமா, தன் வாழ்நாளின் சிறந்த நாடகம் இதுதான் என்று தானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தாய் வேடம் எனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அது அக்காவுக்குப் போனது. அக்கா நினைத்த மாத்திரத்தில் அழக்கூடியவள், வீட்டில் அந்தத் திறமையால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்குக் கிடைத்தது இராணுவத்தினன். அதுவும் நான் பொருத்தம் என்பதற்காக இல்லை. "என்ர பிள்ளை ஆமிக்காரனா நிக்கிறதோ?" என்று ஒவ்வொரு பெற்றோராக மறுத்துவிட, கடைசியில் மறுக்க முடியாத ஒரே பெற்றோர் மாமாவின் சொந்தத் தங்கையான என் அம்மாதான் என்று ஆனது. அம்மாவும் முகத்தைச் சுழித்தார். "அவரிட்டைச் சொல்லாதை அண்ணா, நான் ஆறுதலாச் சொல்லுறன்" என்றார். அவர் என்றது அப்பாவை. அம்மா ஆறுதலாகவும் சொல்லவில்லை, அவசரமாகவும் சொல்லவில்லை.

எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று, ஏனென்றால் என் குறியே அப்பாதான். அப்பா ஒரு பேக்கரியில் வேலை செய்தார். ஊர் எழும்புமுன் எழும்பிப் போய், மாவு மணக்க வீடு திரும்புவார். விழா மண்டபத்தில் உட்கார்ந்ததும் நித்திரையாகிவிடுவார். அக்காவின் பரதநாட்டிய அரங்கேற்றத்திலும் தூங்கினார், நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியபோதும் தூங்கினார். அவரைத் தெரிந்தவர்கள் அது ஒரு நிகழ்ச்சி போலவே எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது. இந்த முறை அப்பா கண் விழித்திருக்க வேண்டும், அக்கா அழுவதற்கு முன்னாலேயே என்னைப் பார்த்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். நான் முடிவு கட்டினால் கட்டியதுதான்.

ஒத்திகை அம்மருட் என்ற பகுதியில் மாமாவின் அடுக்குமாடி வீட்டில் நடந்தது. நாற்காலிகள்தான் பேருந்து. "கத்தோணும் பிள்ளை, சப்பாத்தை நிலத்திலை அடிச்சுக் கத்தோணும்" என்றார் மாமா. கத்தினேன். பேருந்து முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இன்னும் பலமாகக் கத்தினேன். கீழ்வீட்டு நோர்வேப் பெண்மணி மேலே வந்து, பிள்ளைக்கு ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். வேடத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று அவர் அம்மாவிடம் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அதை அக்காவுக்கு முன்னால் காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ட்வெய்ட்டா என்ற இன்னொரு பகுதியில். அன்று திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஏறினார். அவர் கத்தவில்லை. யாரையும் முறைக்கவும் இல்லை. தாழ்ந்த குரலில், "டிக்கெட், தயவுசெய்து" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிக் கையை நீட்டினார். முகத்தைப் பார்க்கவே இல்லை, நீட்டிய கையை மட்டுமே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டி முழுவதும் பேச்சு நின்றது. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த நோர்வேக்காரரின் கை கோட்டுப் பைக்குப் போனது. அம்மாவிடம் அந்த மாதத்துக்கான அட்டை செல்லுபடியாக இருந்தது, எனக்கும் அக்காவுக்கும் இருந்தது. இருந்தும் அம்மா கைப்பையைக் கிண்டிய வேகத்தில் குடையும் சாவிக்கொத்தும் கீழே விழுந்தன. "ஏன் அம்மா பயப்பிடுறீங்கள்? எங்களிட்டை இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"நான் பயப்பிடேல்லை. பேசாமல் இரு" என்றார் அம்மா.

பயப்பட்டார், அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு வேண்டியது அகப்பட்டுவிட்டது.

அந்தக் குரலை நான் யாருக்கும் சொல்லாமல் பழகினேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டி, முகத்தைப் பாராமல், மெதுவாக. ஒத்திகையில் மட்டும் மாமா சொன்னபடி கத்திக்கொண்டே இருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அக்கா வரவேற்பறையில் நின்று, "என்ர மகன், சேர். படிக்கிற பெடியன்" என்று கெஞ்சிக் கெஞ்சி அழுது பழகுவாள். அதே அறையில்தான் தொலைக்காட்சிக்கு மேலே சித்தப்பாவின் படம் இருந்தது. அப்பாவின் தம்பி. பள்ளிச் சட்டையோடு, மீசை அரும்பாத முகம். மாலை போட்ட படம் அல்ல. "சித்தப்பா எங்கை?" என்று கேட்டால் "ஊரிலை" என்பார் அப்பா. சரி, பெரியம்மா, அத்தைமார் எல்லோரும் போல அவரும் ஊரில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாசலில் ரோல்ஸும் தேநீரும் விற்றார்கள். வீடியோ எடுப்பவர்கள் வழக்கம்போல் முன்வரிசைக்குக் குறுக்கே நின்றார்கள், சபையும் வழக்கம்போல் மேடையைவிட உரக்கக் கதைத்துக்கொண்டிருந்தது. அம்மா பின்னால் எங்களுக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்தார். திரை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். ஓரத்துக் கதிரையில் அப்பா. பக்கத்துக் கதிரையில் எங்கள் குளிர் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. அப்பாவின் தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

பேருந்து புறப்பட்டது. ஒவ்வொருவரும் தங்கள் வசனத்தைச் சொன்னார்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மூலையில் ஒரு குடும்பம் கைதட்டியது. பிறகு நான் ஏறினேன். கத்தவில்லை.

"எல்லாரும் இறங்குங்கோ. ஐசி" என்றேன், மெதுவாக.

ஐசி என்றால் அடையாள அட்டை. அந்த மண்டபத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வரிசை கதைப்பதை நிறுத்தியது. அது அப்படியே பின்னுக்குப் பரவி, ரோல்ஸ் விற்ற வாசல் வரைக்கும் போய் நின்றது. பேருந்தில் இருந்த பிள்ளைகள்கூட சிரிக்க மறந்துபோனார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முன்னால் கையை நீட்டினேன், முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குள் ஒரு குதூகலம். சபை முழுவதும் என் கைக்குள் வந்துவிட்டது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாடகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். மேடைப் படியால் இறங்கி, நேரே அப்பாவின் கதிரைக்குப் போய், கையை நீட்டினேன்.

"ஐசி."

அப்பா கண் திறந்தார். திறந்ததும் எழுந்துவிட்டார். வலக்கை சட்டைப் பைக்குள் போய், பேக்கரிக் கதவைத் திறக்கும் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது. இடக்கை பக்கத்துக் கதிரையில் குவிந்திருந்த ஜாக்கெட்டுகளின் மேல் ஊன்றியிருந்தது.

"இவன் என்ர தம்பி, சேர். படிக்கிற பெடியன்" என்றார்.

நான் துள்ளாத குறை. அப்பா விழித்ததோடு நிற்காமல் நடிக்கவே தொடங்கிவிட்டார்! பேருந்தில் எல்லோருக்கும் ஒரு வசனம் இருக்கும்போது தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். சும்மா விடுவேனா? அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், அவருக்கே சொன்னேன்.

"நீங்கள் ஏறுங்கோ. அவர் நிக்கட்டும்."

அப்பா ஏறவுமில்லை, இருக்கவுமில்லை. அப்படியே நின்றார். பின்வரிசையில் ஒரு பெண் விம்மிய சத்தம் கேட்டது. நான் மேடைக்குத் திரும்பியபோது அக்கா தன் வசனம் வருவதற்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தாள். அது பழகிய அழுகை அல்ல. மாமா திரையை நேரத்துக்கு முன்பே மூடினார். வெளியே கைதட்டல் ஓயவில்லை. அதில் பெரும்பங்கு எனக்குத்தான் என்று அறிந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அம்மா மட்டும் என்னைத் தள்ளிக்கொண்டு சபைக்குள் ஓடினார்.

அப்பாவும் சித்தப்பாவும் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ஒன்றாக ஒரு பேருந்தால் இறங்கியவர்கள். அப்பாவை மட்டும் ஏறச் சொன்னார்கள், அவர் ஏறினார். பேருந்து போய்விட்டது, அதன் பிறகு சித்தப்பாவை யாரும் காணவில்லை. அம்மா இதை எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் வென்றுவிட்டேன் என்பதுதான். அப்பா வெளியே பனியில் ஜாக்கெட் போடாமல் காருக்குப் பக்கத்தில் நின்றார். கார் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். போகும் வழியெல்லாம் அம்மாவும் அக்காவும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா நடிச்சனி" என்றார் அப்பா.

"நீங்களும் நல்லா நடிச்சனீங்கள் அப்பா" என்றேன். பிறகு, நல்ல நாடகக்காரி ஒருத்தி குறையைச் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது. "ஒரே ஒரு பிழை. 'தம்பி' எண்டு சொல்லிப்போட்டீங்கள். அக்கான்ர வசனத்திலை அது 'மகன்'."

அப்பா வீதியைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "எனக்குப் பிழைச்சுப்போச்சு."