நீங்க அப்படி இல்ல பாய்

எங்கேயாவது குண்டு வெடித்தால் எனக்கு வேலை கூடிவிடும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் செருப்பு விற்பதோடு சரி. வெடித்த நாளில் உலக முஸ்லிம்கள் சார்பாக விளக்கமும் சொல்ல வேண்டும்.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று ஆரம்பிப்பார்கள். பண்ணியவர்கள் கிளம்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்ற நினைப்பு அந்த முகத்தில் இருக்கும். நான் "ரொம்பத் தப்புங்க" என்று சொல்ல வேண்டும். அதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வருத்தம் குறைந்தால் சந்தேகப்படுவார்கள், கூடிவிட்டால் நடிப்பு என்பார்கள். சரியான அளவில் வருத்தப்பட்டால் ஒரு ஜோடி செருப்பு விற்கும்.

இதே ஊரில் ஒரு மேடையில் ஒருவர் எங்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்று மைக் பிடித்துக் கத்தினார். மறுநாள் நான் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரிடம் போய், "என்னங்க, உங்காளு இப்படிப் பேசிட்டாரே" என்று விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முழித்திருப்பார். அவருக்கும் அந்த மைக்குக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாமல் இருக்கிற வசதி அவருக்கு உண்டு. எனக்கு இல்லை.

கடை வைப்பதற்கு முன்னால் வளைகுடாவில் இருந்தேன். எங்கள் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டில் பாஸ்போர்ட் எடுக்காத ஆம்பளையைப் பொண்ணு பார்க்கக்கூட அனுப்ப மாட்டார்கள். அங்கே போனால் நாலு பேரோடு நாலு பேராய் மரியாதையாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். ஐந்து வேளையும் முதலாளி பக்கத்திலேயே நின்று தொழுதேன். ஆனால் அவருக்கு நான் வெறும் 'ஹிந்தி'. இந்தியாக்காரன் எல்லாருக்கும் அங்கே அதுதான் பேர். எவனோ ஒரு ஹிந்தி எங்கேயோ கல்லாவில் கை வைத்தான் என்று, அன்றிலிருந்து எங்கள் எல்லாருடைய பையையும் வாசலில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் ஹிந்தியாக வாழ்ந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மகள் பெரம்பலூரில் படிக்க வேண்டும் என்பதற்காக டவுனில் வாடகை வீடு தேடினோம். போனில் பேசும்போது எல்லா வீடும் காலியாக இருந்தது. பேரைச் சொன்னதும் எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. ஒரு அம்மா, "நாங்க சுத்த சைவம், கவிச்சி ஆகாதுங்க" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை நன்றாகவே இருந்தது.

கடைசியில் ஒருவர் தந்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவர் குடும்பம், கீழே நாங்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "மத்தவங்களா இருந்தா தந்திருக்க மாட்டேன். நீங்க அப்படி இல்ல பாய், பார்த்தாலே தெரியுது" என்றார். நான் நன்றி சொன்னேன். எப்படி இல்லை என்று கேட்கவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் அதெல்லாம் கேட்கத் தோன்றாது.

நல்ல மனிதர்தான், பொய் சொல்லக்கூடாது. தண்ணீர் மோட்டாரை எங்களுக்காகவும் சேர்த்துப் போடுவார். பெருநாள் பிரியாணியை வாங்கி ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, உள்ளே பொங்கல் வைத்துத் திருப்பித் தருவார்கள். ஒரே ஒரு பழக்கம் இருந்தது. காலையில் மாடி வராண்டாவில் உட்கார்ந்து செல்போனைச் சத்தமாக வைத்து வீடியோ பார்ப்பார். அதில் ஒருவர், நாங்கள் எப்படி வீடு வீடாகப் பிடித்து நாட்டையே பிடிக்கப்போகிறோம் என்று விளக்கிக்கொண்டிருப்பார். கீழே நான் ஒரு வீட்டின் வாடகைக்கு முழி பிதுங்கி நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டே பல் விளக்குவேன்.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், லப்பைக்குடிக்காட்டில் இருந்து மாதம் ஒருமுறை வருவார். நெஞ்சு வரை தாடி, கணுக்காலுக்கு மேலே ஏறிய பேண்ட். வெளிநாட்டில் இருந்து திரும்பும்போது மற்றவர்கள் தைலமும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தார்கள், இவர் கொள்கை கொண்டு வந்தார். தர்காவுக்குப் போகாதே, தாயத்துக் கட்டாதே, ஓதி ஊதாதே என்று ஊரில் பாதிப் பேரை மார்க்கத்தை விட்டே நீக்கிவிட்டார். என்னை எந்தப் பாதியில் வைத்திருந்தார் என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவரிடமும் ஒரு செல்போன் உண்டு. அதிலும் ஒருவர் பேசுவார். மாடி வீட்டுக்காரர் போனில் பேசுகிறவரும் இவர் போனில் பேசுகிறவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல, குரல் ஏறுகிற இடம்கூட ஒன்றுதான்.

மகள் பிளஸ் டூவுக்குப் போன வருடம், வடக்கே எங்கோ ஒரு ஊரில் குண்டு வெடித்தது. நிறைய பேர் செத்துப்போனார்கள். டிவியில் ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு ரோட்டில் கிடந்ததைக் காட்டினார்கள். செருப்பு விற்கிறவன் நான், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அதுவும் விளக்கத்தில் சேர்ந்துவிடும்.

அந்த வாரம் வீட்டுக்காரர் கீழே வந்தார். முதலில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசினார், அப்புறம் வெயிலைப் பற்றி. அதன் பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அரியலூர் சிமெண்ட் பேக்டரில வேலை பாக்குற என் பையன்தான் பயப்படுறான். அந்தத் தாடிக்காரரு வந்து போறாருல்ல, தெருவுல நாலு பேரு கேக்குறாங்க. வூட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"அவரு என் பொஞ்சாதியோட அண்ணன், சார். பலசரக்குக் கடை வச்சிருக்காரு."

"இருக்கலாம் பாய். நான் ஒண்ணும் சொல்லல. காலம் கெட்டுக் கெடக்கு, அவ்வளவுதான்."

"பாப்பாவுக்குப் பரீட்சை முடியிற வரைக்குமாவது இருந்துக்குறோமே, சார்."

அவர் தரையைப் பார்த்தார். "பையன் கேக்க மாட்டேங்குறான் பாய்."

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டால், "பார்த்தீங்களா, இவனுங்க இப்படித்தான்" என்று ஆகிவிடும் என்பதால் அதையும் விழுங்கிக்கொண்டேன். மனைவி அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி எதையும் கேட்காதவள் போல உட்கார்ந்திருந்தாள். டவுனில் திரும்பவும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பழைய கதைதான், கருவாட்டு வாசனை மட்டும் இந்த முறை இல்லை.

வேறு வழியில்லாமல் மச்சானுக்குப் போன் செய்தேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள? அவனுவ எல்லாருமே அப்படித்தான். ஒருத்தனையும் நம்பக்கூடாது. நம்ம ஊர்ல வூடு பார்த்துத் தரேன், வந்து சேருங்க."

"உங்க கடையில சாமான் வாங்குறதுல முக்காவாசிப் பேரு அவனுவதானே மச்சான்?"

"அது யாவாரம். அது வேற."

சாமான் ஏற்றுகிற அன்று மச்சானே குட்டி யானை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இப்படிப்பட்ட சமயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது, கட்டிலை ஒற்றை ஆளாகத் தூக்குவார். பீரோவை ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. காலியான கூடத்திலேயே ஒரு பாயை விரித்துத் தொழுதார். அவர் எழுந்து வாசலுக்கு வரவும், வீட்டுக்காரர் மாடிப்படி இறங்கி வரவும் சரியாக இருந்தது. அவர் தோளில் பேத்தி, கைக்குழந்தை. பின்னாலேயே அவர் மனைவி, கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளை விடாமல் அழுதால், டாக்டரைப் பார்த்த கையோடு பள்ளிவாசலுக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள். மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள், வாசலில் நிற்கிற தாய்மார்களின் பிள்ளைகள் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். தண்ணீரிலும் ஊதித் தருவார்கள். நிற்கிற தாய்மார்களில் நிறைய பேர் பொட்டு வைத்தவர்கள். எந்த வீடியோவும் இதை இதுவரை நிறுத்தியதில்லை.

"பாய், பாப்பா ராவெல்லாம் அலறுது. டவுன் பள்ளிவாசல்லயும் ஊதிப் பார்த்தாச்சு, நிக்கல" என்றார் வீட்டுக்காரர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க மச்சானக் கொஞ்சம் ஊதச் சொல்லுங்களேன்."

"அவரையா, சார்?"

"ஆமா பாய்" என்றார் அவர் மனைவி. "நல்லா தாடியெல்லாம் வச்சு, பக்தியா இருக்காருல்ல. அவரு ஊதினாத்தான் கேக்கும்."

எந்தத் தாடிக்காக நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோமோ, அந்தத் தாடிதான். நான் மச்சானைப் பார்த்தேன். ஓதி ஊதுவது மார்க்கத்தில் இல்லை என்று சொந்தத் தங்கச்சியோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர். மனைவி வண்டியில் ஏற்றிய பாத்திரத்தை அடுக்குவதை நிறுத்திவிட்டு, இப்ப என்ன செய்யப்போகிறாய் என்பது போல அண்ணனைப் பார்த்தாள்.

குழந்தை வீறிட்டு அழுதது. மச்சான் வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். எதையோ நிறுத்தி நிதானமாக ஓதி, அதன் நெற்றியில் மெல்ல ஊதினார். தாடி முகத்தில் பட்டதும் அது அழுகையை விட்டுவிட்டு, தாடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விடுவதாக இல்லை. மச்சான் சிரித்தார். அவர் பல்லைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். சரி, மனிதர் இப்போது சொல்லிவிடுவார், சாமானை இறக்குங்க பாய் என்று சொல்லிவிடுவார் என்று மடையன் மாதிரி காத்திருந்தேன். மகளும் வண்டியில் ஏறாமல் நின்றாள்.

வீட்டுக்காரர் பாட்டில் தண்ணீரிலும் மச்சானை ஊதச் சொல்லி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "உங்க மச்சான நான் தப்பா நெனச்சிட்டேன். அவரு அப்படி இல்ல பாய். தங்கமான மனுஷன்." பிறகு, "லப்பைக்குடிக்காட்டுல எந்தத் தெருன்னு சொல்லிட்டுப் போங்க. திரும்ப அழுதா அங்கயே தூக்கிட்டு வரோம்" என்றார். நான் தெருவைச் சொன்னேன். சாவியைக் கேட்டார், கொடுத்தேன்.

வண்டி நாலு ரோட்டைத் தாண்டியதும் மச்சான் தாடியை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார். "நல்ல மனுஷன் மாப்ள. மத்தவனுவ மாதிரி இல்ல."

"ஆமா மச்சான். ரொம்ப நல்லவரு. நீங்களும் அப்படி இல்லையாம், சொன்னாரு."

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பார்த்தேன். ஆளுக்கொரு நல்லவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மற்ற எல்லாரைப் பற்றியும் இரண்டு பேருக்கும் பழைய அபிப்பிராயம் அப்படியே இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் மகள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தா, காலையில ஸ்கூலுக்கு மொத பஸ்ஸு எப்பத்தா?" என்று கேட்டாள்.