மூலைக்கடையின் மேல் நான் கீறிய கோடு

இக்குறிப்பில் நான் கண்ணால் கண்டவற்றையும், நேரே செவியிற் பட்டவற்றையும், என் கையால் வரைந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் வாய்வழி வந்த செய்தி எதனையும், அது எத்துணைப் பொருத்தமாகத் தோன்றினாலும், சேர்க்கவில்லை. அடக்கம் கருதி இவ்வாறு செய்கிறேன் என்று வாசகர் எண்ண வேண்டாம். சரிபாராத ஒரு சொல்லை நம்பி ஒருமுறை நான் ஒரு கோடு கீறினேன். அக்கோடு பின்னர் செங்கற் சுவராக எழுந்து நின்றது. அதன்பிறகே இவ்விதியை எனக்கு விதித்துக்கொண்டேன். ஆட்களின் பெயர்களையும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். உருத்திரபுரத்து நெல் வண்டிகள் வந்து நிற்கும் கண்டி வீதியோரச் சிறுநகர் அது என்று சொன்னாற் போதும்.

ஐம்பதுகள் முடியும் தறுவாயில் அந்நகரில் நான் படவரைஞனாக இருந்தேன். பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகே, வீதியின் மேற்குப் புறத்தில், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பத் தீர்மானமாயிற்று. கீழே ஐந்து கடைகள். ஒவ்வொரு கடையின் மேலும் ஒரு சிறு வீடு. கடை நடத்துபவரே மேலே குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கென அமைந்த குழுவின் தலைவர் பணியிலிருந்து இளைப்பாறிய தலைமையாசிரியர். மூல வரைபடம் கொழும்பிலிருந்து வந்தது. அதனை நிலத்துக்கேற்பத் திருத்துவது என் வேலை.

அந்நிலத்தில் அப்போது ஐந்து ஓலைக் கொட்டில்கள் இருந்தன; அவற்றில் வியாபாரம் செய்தவர்களுக்கே புதிய கடைகள். அவற்றுள் தென்கோடிக் கொட்டிலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் கருவாடு விற்றார். கணவர் கரையில் தம் சகோதரர்களோடு மீன்பிடித் தொழில் செய்தார். இவர் இரண்டு பெண்பிள்ளைகளோடு இங்கே இருந்தார். பிள்ளைகள் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதே காரணம். கொட்டிலின் பின்பாதியில் மூவரும் உறங்கினர். ஆதலால் மேலே வீடும் கீழே கடையும் என்ற செய்தி அவருக்கு எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கொட்டில்களை அகற்றச் சொன்னபோது மற்ற நால்வரும் தயங்கினர். அந்த அம்மையாரே முதலில் அகற்றினார். தென்கோடி மூலைக்கடையும் அதன் மேல்வீடும் அவருக்கே என்று தலைவர் என் முன்னிலையில் வாக்களித்தார். கருவாட்டுச் சிப்பங்கள் பேருந்திலிருந்து இறங்கும் இடம் அந்த மூலை.

"இந்தப் போகம் முடிய எல்லாம் சரிவரும், பிள்ளை" என்றார் தலைவர்.

"எந்த வருசத்துப் போகம் எண்டதையும் சொல்லிவிடுங்கோ ஐயா" என்றார் அம்மையார். எல்லோரும் சிரித்தோம்.

அத்திவாரம் வெட்டி முடிவதற்குள் குளத்தின் கதவு திறந்தது. கூலியாட்கள் அனைவரும் குடியேற்றக் காணிக்காரர்; தண்ணீர் வாய்க்காலில் இறங்கிய அன்றே மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டனர். விதைப்பு முடிந்து அவர்கள் திரும்பியபோது மாரி தொடங்கியிருந்தது. வெட்டிய குழிகளில் தவளைகள் குடியேறியிருந்தன. மாரி ஓய்ந்தபின் முதிரை மரம் வெட்டுவதற்கான அனுமதிப் பத்திரம் வரவில்லை. அது வந்தபோது அறுவடை வந்தது. அந்த அம்மையார் எதிர்ப்புறத்துப் பாலை மரத்தின் கீழ்க் கித்தான் படங்கு ஒன்றைக் கட்டி வியாபாரத்தை நடத்தினார். மழையில் கருவாடு ஈரங்கண்டு பூத்துப்போகும். வெயில் கண்ட போதெல்லாம் அவர் பாய் விரித்து அதனைத் திரும்பத் திரும்ப உலர்த்துவதை என் மேசையிலிருந்தே பார்க்க முடிந்தது. பிள்ளைகள் தெரிந்த குடும்பமொன்றின் குசினியில் அடுப்போரமாகப் படுத்துக்கொண்டனர். இதை அவரே என்னிடம் சொன்னார்.

இரண்டாம் ஆண்டு சுவர்கள் கதவு உயரத்துக்கு மேல் எழுந்தன. ஒருநாள் காலை, நடுக்கடையைப் பெறவிருந்த பலசரக்குக்காரர் உள்ளே வந்து பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர், செல்வாக்குள்ளவர்.

"தம்பி, சாமிப்படம் இதிலைதான் வைப்பன். வாசலைப் பாத்தபடி, கிழக்கை பாக்க. இதுக்கு நேர மேலை என்ன வருது?"

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேல்வீட்டின் மலசலகூடமும் பின்சுவரை ஒட்டியே இருந்தது. ஐந்து கடைகளிலும் படம் தொங்கும் இடத்துக்கு நேர்மேலே அது அமைந்திருந்தது. கொழும்பில் அதை வரைந்தவருக்கு அது குழாய்களைச் சுருக்கும் நல்ல உபாயமாகத் தோன்றியிருக்கலாம். எனக்கும் அதுவரை அப்படியே தோன்றியது. கடை வைப்பவன் எங்கே விளக்கேற்றுவான் என்று நான் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவில்லை.

"பக்கச் சுவரில் வைக்கலாமே, அண்ணை?"

"பக்கச் சுவரிலை கொழுவினா சாமி வடக்கையோ தெற்கையோ பாக்கும். நல்ல கதை."

அன்றே வேலை நின்றது. மற்ற நான்கு கடைக்காரர்களும் இப்படிக் கட்டினால் கடை வேண்டாம் என்று ஒருமிக்க மறுத்தனர். பல மாதங்கள் வெறுஞ்சுவர்கள் வானம் பார்த்து நின்றன. இறுதியில் தலைவர் வீட்டு விறாந்தையில் கூட்டம் கூடியது. ஐந்தாமவராகிய அந்த அம்மையார் அழைக்கப்படவில்லை; கடைக்காரர் அமர நான்கே கதிரைகள் இட்டிருந்ததைப் பார்த்தபோதே அதனைக் கவனித்தேன்.

"நான் ஒண்டைத்தான் கேக்கிறன்" என்றார் நால்வருள் ஒருவரான தையற்காரர். "பிள்ளையாருக்கு மேலை ஆர் குந்துறது?"

"உம்மட பெண்சாதிதான், வேற ஆர்?" என்றார் பலசரக்குக்காரர். விறாந்தை முழுவதும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவரே வழியும் சொன்னார். "எல்லாக் கக்கூசையும் தெற்கு மூலையிலை ஒண்டாக் கட்டிவிடுவம். நிலமும் அங்காலைதான் சரிவு. கீழை வாறது வேதக்காரியின்ர கடைதானே. அவையள் உதுகள் பாக்கிறேல்லை."

"அவாவைக் கேட்டாச்சோ?" என்றார் தலைவர்.

"கேட்டாச்சு, கேட்டாச்சு" என்றார் பலசரக்குக்காரர்.

தலைவர் என்னைப் பார்த்தார். என் பென்சில் ஏற்கெனவே கையில் இருந்தது. தெற்கு மூலையில் ஒரு கோடு கீறினேன்; குறுக்கே இன்னும் மூன்று. நான்கு வீடுகளுக்கும் நான்கு அறைகள். அவற்றுக்குப் போகும் நடையும் தண்ணீர்த் தாங்கியும் சேர்ந்தபோது, அங்கே இருந்திருக்க வேண்டிய ஐந்தாம் வீடு முழுவதும் போய்விட்டது. அளவுகோலை எடுத்த கணத்திலேயே இதை உணர்ந்தேன். அந்த விறாந்தையில் வரைபடம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேலை தொடங்கினாற் போதும் என்ற களைப்பு எனக்கும் இருந்தது. 'கேட்டாச்சு' என்ற சொல் அக்களைப்புக்கு வசதியாக இருந்தது. திருத்திய படத்தின் கீழே என் கையொப்பத்தை இட்டேன்.

அதன்பின் வேலை வியப்பூட்டும் விரைவில் நடந்தது. அடுத்த அறுவடைக்குள் தளம் போட்டு, கூரை வேய்ந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. அந்தக் காலம் முழுவதும் அந்த அம்மையாரைக் காணும் போதெல்லாம் தலையசைத்துவிட்டு நடந்தேன். சாரம் கட்டி மறைத்த கட்டடம் ஆகையால் எதிர்ப்புறத்திலிருந்து அவருக்கு எதுவும் விளங்கியிராது.

கடைப் பூட்டுகளின் திறப்புகள் கொடுக்கப்பட்ட நாளில் அவர் வெள்ளைச் சேலை உடுத்து, மாதா படம் ஒன்றைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். கடையைத் திறந்துவிட நான் கூடப் போனேன். பின்சுவரின் அருகே மேலிருந்து தடித்த வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று இறங்கி நிலத்துக்குள் போயிற்று. அவர் படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

சொன்னேன்.

"மேலை என்ர வீடெல்லோ?"

"மேலை வீடு இல்லை, அக்கா. நாலு பேருக்கும் கக்கூசு அங்கைதான்."

மேலே யாரோ வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றினர்; குழாய்க்குள் அது இறங்கும் ஓசை எங்களிருவருக்கும் கேட்டது.

"மாதாவுக்கு மூக்கில்லை எண்டு நினைச்சினமோ?"

"உங்களைக் கேட்டதெண்டு சொன்னவை."

"ஆர் கேட்டது? எப்ப கேட்டது?"

நான் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

"படம் கீறினது நீங்கள்தானே?"

"ஓம்."

"நான் உந்தப் பாலைக்குக் கீழைதானே தம்பி இருந்தனான். ரெண்டு வருசமா அங்கைதான் இருந்தனான்."

குரலை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். கடையின் வாசற்படியிலிருந்து பாலை மரம் தெளிவாகத் தெரிந்தது. என் மேசையிலிருந்து அதுவரை நடப்பதற்கு ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் நேரங்கூட ஆகாது. தலைவரிடம் பேசுவேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையசைத்தார்.

"வேண்டாம். இனி என்னத்தைப் பேசி? கட்டின சுவரை இடிக்கப்போறியளோ?"

திறப்பை யன்னற் கட்டின்மேல் வைத்தார். துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வீதியைக் கடந்தார். பிற்பகலில் படங்கை அவிழ்த்து மடித்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இருவரும் பாயைப் பிடித்துக்கொண்டனர். மாலைப் பேருந்தில் மூவரும் ஏறினர். இதை என் மேசையிலிருந்து பார்த்தேன். எழுந்து போகவில்லை.

அன்று மாலை தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு சொல்லு முந்தியே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். அவரும் அந்த அம்மையாரிடமே நேரே கேட்டிருக்கலாம்.

மூலைக்கடை சிறிது காலம் பூட்டிக் கிடந்தது. பின்னர் பலசரக்குக்காரர் அதனை வெங்காயமும் அரிசியும் அடுக்கும் களஞ்சியமாக எடுத்துக்கொண்டார். மூட்டைகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்பது குறித்து அவர் எவ்வித ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. அந்த அரிசியையே நானும் வாங்கி உண்டேன்.

நான் அறியாதவை இவை. பலசரக்குக்காரர் அந்த அம்மையாரை எப்போதேனும் கேட்டாரா என்பதை அவரிடம் நான் விசாரிக்கவில்லை. இப்போது விசாரிக்க அவர் இல்லை. அப்பேருந்து முல்லைத்தீவுக்குப் போவது. தாயும் பிள்ளைகளும் அங்கேதான் இறங்கினார்களா என்பதை அறியேன். பிள்ளைகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போனார்களா என்பதையும் அறியேன்.