பலகையில் ஏறாத வரி

காரியதரிசி ஐயா, விளையாட்டுச் சங்கப் பலகையில் எங்கள் பெயர் வரியை எழுதவிடாமல் செய்தவர் நீங்கள்தான். சுற்றி வளைக்காமல் இந்தப் பத்திரிகையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மதுரையில் நடந்தது இது. கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தேன். எங்கள் கால்பந்துக் குழுவில் கோல் காப்பவள் நான்தான். அந்த வருஷம்தான் விளையாட்டுச் சங்கத்தார் முதன்முதலாகப் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். ஒழுங்காக ஆடினால் ஜெயித்தவர்கள் பெயர் பலகையில் ஏறும், அடுத்த வருஷமும் போட்டி உண்டு என்றீர்கள் நீங்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினோம். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே பஞ்சாலைப் பெண்கள். அவர்களும் தோற்காதவர்கள்.

குழுவுக்கு ஒரு கோல். முடியச் சில நிமிஷமே பாக்கி. அப்போது மாதா கோவிலில் மாலை மணி அடித்தது. அது கேட்டால் இருந்த இடத்தில் நின்று ஜெபம் சொல்வது எங்கள் மடத்துப் பழக்கம். பதினொரு பேரும் அப்படியே நின்று கண்ணை மூடினோம். கோல் காக்கிற நானும் மூடினேன், முட்டாள்! கூச்சல் கேட்டுத் திறந்தால் பந்து என் முதுகுக்குப் பின்னால் வலையில் கிடக்கிறது.

நடுவர் கோல் என்று ஊதிவிட்டார். உதைத்த மில்லுக்கார அக்கா நேரே அவரிடம் போனாள்.

"கோலு வேணாங்கய்யா. அவுக சாமி கும்பிட்டு நின்னாக. நான் பந்தையே பாத்து ஓடியாந்துட்டேன்."

"அடி கிறுக்கி, கெலிச்சுட்டோம்டி!" என்று கத்தினாள் அவள் கூட்டாளி.

"கண்ண மூடி நின்னவள கெலிச்சேன்னு மில்லுல போயிச் சொல்லவா? காறித் துப்புவாளுக."

நடுவர் மசியவில்லை. அவள் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னாள். ஆட்டம் தொடங்கியதும் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். எங்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிப் போய் ஒரு கோல் போட்டாள். உடனே அக்கா என்னைப் பார்த்து, "இனி முழிச்சு நில்லு தாயி, வாரேன்!" என்றாள். வந்தாள். அந்த உதையை நெஞ்சில் வாங்கித் தடுத்தேன். இரண்டு நாள் வலித்தது. ஆட்டம் சமன்.

இரண்டு குழுவின் பெயரையும் எழுதுங்கள் என்று சேர்ந்தே போய்க் கேட்டோம். "விட்டுக்கொடுத்து ஆடுறதெல்லாம் போட்டியாம்மா? கண்ணாமூச்சி" என்று சிரித்தீர்கள் நீங்கள். வரியும் இல்லை, மறு வருஷம் போட்டியும் இல்லை.

நாங்கள் நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் வைகை மணலில் இரண்டு குழுவும் கலந்து ஆடுகிறோம். வாடிப்பட்டியிலிருந்துகூட நாலு பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். மாலை மணி அடித்தால் பந்தை முதலில் காலால் அமுக்கி நிறுத்துகிறவள் அந்த அக்காதான். நான் கண்ணை மூடுகிறேன், பயமில்லாமல். ஒழுங்கு என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவள் அவள்.

ஒழுங்காக ஆடினால் என்றுதானே சொன்னீர்கள், காரியதரிசி ஐயா? நாங்கள் ஆடியதில் எது ஒழுங்கில்லை? ஊரறிய, இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.