கரண்ட் வந்த நேரத்தில் நிறைவேறிய தீர்மானம்

சுருக்கெழுத்து என்பது, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை நமக்கும் வாய் இருப்பதை மறந்திருக்க வேண்டிய தொழில். தில்லியில் ஒரு நகர மன்றத்தில், தலைவரின் மேடைக்குக் கீழே போட்ட சின்ன மேஜையில் உட்கார்ந்து உறுப்பினர்கள் பேசுவதை எழுதியே எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கூட்டம் என்ற பெயரில் எங்காவது மணிக்கணக்கில் உட்கார வைக்கப்பட்டு முதுகு ஒடிந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுதான். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் தீர்மானம் நிறைவேறியது உண்மை. நான் அங்கேயே இருந்தேன். அது எப்படி நிறைவேறியது என்று எங்கள் எலக்ட்ரீஷியன் தேவராஜ் சொன்ன கதையைத்தான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். நம்பிவிடலாம் என்று தோன்றுகிற நாளில் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

மேஜை தட்டுகிறவர்கள்

எங்கள் மன்றத்தில் கை தட்டும் வழக்கம் இல்லை. சம்மதம் என்றால் உள்ளங்கையால் மேஜையைத் தட்டுவார்கள். தலைவர் குப்தாஜி, "ஆதரிப்பவர்கள்?" என்பார். மேஜைகள் அதிரும். "நிறைவேறியது" என்பார். யாராவது எழுந்து கேட்டால்தான் கைதூக்கச் சொல்லி எண்ண வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். பழக்கம் முற்றிப்போய் எதற்கெடுத்தாலும் தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பேத்தி பிறந்தால் தட்டுவார்கள். சமோசா வந்தால் தட்டுவார்கள். ஜூன் மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்று, மறுபடி குளிர்காற்று வந்தால், பட்ஜெட்டுக்குக்கூடத் தட்டாதவர்கள் மேஜை உடைகிற மாதிரி தட்டுவார்கள்.

சவுத்ரிஜி என்ற மூத்த உறுப்பினர் அரைத்தூக்கத்திலும் தட்டுவார். ஒருமுறை இரங்கல் தீர்மானத்துக்கே தட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் பாய்ந்து கையைப் பிடித்தார். கூட்டம் முடிந்ததும் என் மேஜையருகே வந்து, "அதை எழுதிவிட்டாயா, மதராசி பாபு?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "தட்டாவிட்டால் தூங்குகிறான் என்பார்கள். தட்டினால், தூக்கத்தில்கூட வேலை செய்கிறான் என்பார்கள்."

படித்துவிட்டுப் பேசுவது

அந்தத் தீர்மானம் வந்த வருடம் மாநில அரசு ஒரு மசோதாவின் வரைவை எங்கள் கருத்துக்கு அனுப்பியிருந்தது. வாரச் சந்தைகள் இனி சாலையோரத்தில் கூடக்கூடாது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, வேலி போட்ட மைதானங்களில்தான் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். கிழமைக்கு ஒரு காலனியில் சாயங்காலம் முளைத்து, கடைசி வாடிக்கையாளரோடு மறைந்துவிடுகிற அந்தச் சந்தைகளில் காய் வாங்காத தில்லிக்காரர் யார்? ஆனாலும் உறுப்பினர்களில் பெரும்பாலோர் மசோதாவை ஆதரித்தார்கள். சந்தை நாளில் வீட்டிலிருந்து காரை வெளியே எடுக்க முடியவில்லை என்பது அவர்களுடைய குறை. கமலாஜி என்ற உறுப்பினர் மட்டும், "ஏற்கெனவே நடக்கும் சந்தைகளை விட்டுவிடச் சொல்லுவோம்" என்று ஒரு திருத்தம் கொடுத்தார்.

அதை எதிர்த்து சவுத்ரிஜி நெடுநேரம் பேசினார். நடுவில் மசோதாவில் இல்லவே இல்லாத ஒரு பிரிவை எடுத்து விளக்கவும் செய்தார். எனக்குக் கை எழுதிக்கொண்டிருந்தது, மனம் கூசியது. கமலாஜி எழுந்து, "சவுத்ரிஜி, இதைப் படித்தீர்களா இல்லையா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பெஹன்ஜி, படிக்காமலே இவ்வளவு பேசுகிறேன். படித்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் நீங்கள் இன்று வீட்டுக்குப் போக முடியுமா?"

மேஜைகள் அதிர்ந்தன. வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமைக் கடைக்காரி

நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில், என் மனைவிக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் செவ்வாய்தோறும் சந்தை. அதில் அஞ்சலைக்கு ஓர் இடம் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம். வடிகாலோரக் குடிசையில் குடும்பம், மற்ற நாட்களில் வீட்டு வேலை. செவ்வாய்க்கிழமை மட்டும் மண்டியிலிருந்து முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, கறிவேப்பிலை என்று மூட்டை கட்டி வந்து தார்ப்பாய் விரிப்பாள். சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சாம்பார் அவள் கையில்தான் இருந்தது.

மசோதா செய்தி அவள் காதுக்கும் வந்துவிட்டது. "அந்த மைதானத்துக்கு ரெண்டு பஸ் மாறணுமாம் சார். அங்க யாரு முருங்கக்கா தேடிக்கிட்டு வருவாங்க? மெட்ராஸ்காரங்க எல்லாம் இங்கல்ல இருக்காங்க?" என்றாள். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று நான் ஏதோ உளறினேன். தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாரம் பூரா என்னய மத்தவங்க 'ஜல்தி, ஜல்தி'ன்னு வெரட்டறாங்க. செவ்வாக்கெழம மட்டும்தான் நான் மத்தவங்கள 'ஜல்தி வாங்கிட்டு நகருங்க'ன்னு சொல்றேன். அது ஒனக்குப் பொறுக்கலயா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்றத்தில் நான் உட்காரலாமே தவிர வாய் திறக்கக்கூடாது, பேசுவதை எழுதுவது மட்டுமே என் வேலை என்று விளக்கினேன். விளக்க விளக்க, எனக்கே அது ஒரு சௌகரியமான பதிலாகத் தோன்றியது. பின்னால் நின்ற இந்திக்கார அம்மாள், "பாய்சாப், நகருங்கள்" என்றார். அஞ்சலை என் பையில் வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்: "பேச வேணாம் சார். எழுதறதுதான ஒன் வேல? எழுது."

ஏசி நின்ற மதியம்

அடுத்த கூட்டம் உச்சி வெயிலில். கமலாஜியின் திருத்தம் தோற்கும் என்பது வாசலில் நின்ற காவலாளிக்கும் தெரியும். விவாதம் முடியும் நேரத்தில் கரண்ட் போயிற்று. விளக்கு, மைக், ஏசி எல்லாம் ஒன்றாக நின்றன. ஜன்னல் இல்லாத கூடம். வழக்கமாக, கொஞ்ச நேரத்தில் தேவராஜ் ஜெனரேட்டரை ஓடவிட்டு, பக்கவாசலுக்கு வெளியே இருக்கும் ஸ்விட்சை மாற்றிவிடுவான். அன்று மாற்றவில்லை. உறுப்பினர்கள் மசோதாவின் பிரதியால் விசிறிக்கொண்டார்கள். அந்தக் காகிதம் அவர்களுக்கு முதல்முறையாகப் பயன்பட்டது.

ஒத்திவைக்கலாம் என்று சிலர் கத்தினார்கள். குப்தாஜி பிடிவாதக்காரர். இருட்டிலேயே தொண்டை கிழிய, "கமலாஜியின் திருத்தத்தை ஆதரிப்பவர்கள்?" என்றார். அந்த நொடியில் விளக்கு எரிந்தது, தலைக்கு மேல் குளிர்காற்று இறங்கியது. மொத்தக் கூடமும் மேஜையைத் தட்டியது. சவுத்ரிஜி இரண்டு கைகளாலும் தட்டினார். "நிறைவேறியது! கூட்டம் முடிந்தது!" என்று குப்தாஜி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுக்கவும் வழியில்லை. மாடியில் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டியது ஏசிக்காக என்று எந்த உறுப்பினர் எழுந்து சொல்லுவார்? ஒருவர் மட்டும் பாதி எழுந்தார். சவுத்ரிஜி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "உட்கார் தம்பி. நாளைக்குப் பேப்பரில் ஏழைகளுக்காகத் தட்டினோம் என்று வரும். நீ வாயைத் திறந்தால் வேறு மாதிரி வரும்."

கறிவேப்பிலை

எங்கள் கருத்து மாநில அரசுக்குப் போயிற்று. சட்டம் வந்தபோது, ஏற்கெனவே நடக்கும் சந்தைகளுக்குத் தனியாக விதிகள் வரும் என்று விட்டிருந்தார்கள். அந்த விதிகள் இன்னும் வரவில்லை; சந்தை பழைய இடத்திலேயே கூடுகிறது. எங்கள் கருத்தை அங்கே யாராவது படித்தார்களா, அல்லது அவர்களும் அதை விசிறியாக வைத்துக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது.

அஞ்சலைக்குத் தெரியும்: நான் எழுதியதால்தான் சந்தை பிழைத்தது. இன்றுவரை செவ்வாய்தோறும், கேட்காமலே ஒரு பெரிய கறிவேப்பிலைக் கட்டை என் பையில் திணிக்கிறாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒருநாள், நடந்ததை நடந்தபடி, ஏசி உட்பட, முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, பெருமையாகச் சொன்னாள்: "பாத்தியா, எழுதறவரு இல்ல? எப்பிடி ஜோடிச்சு சொல்றாரு பாரு!"

தேவராஜ் சொன்னது

அந்தக் கூட்டம் முடிந்த வாரமே தேவராஜ் என்னிடம் சொன்னான். அவன் இங்கேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. "அண்ணா, ஜெனரேட்டர் எப்பவோ ரெடி. நான்தான் ஸ்விட்ச் போடாம வெயிட் பண்ணினேன். பக்கவாசல்ல காதை வெச்சிட்டு நின்னேன். கமலாஜி பேர் வந்துது, போட்டேன். சம்ஜே? புரிஞ்சுதா?" என்றான். ஏன் செய்தாய் என்றால், ஒருநாள் தன் மாமியாருக்குச் சந்தை பிடிக்கும் என்பான். இன்னொரு நாள், சவுத்ரிஜி தன்னைத் திட்டியதற்குப் பழி என்பான். ஒரு மந்திரியை லிஃப்டில் நிறுத்தி வைத்ததாகவும் சொல்லியிருக்கிறான். அந்த லிஃப்ட் அந்த வருடம் ஓடவே இல்லை.

எப்படி நம்புவது? ஆனால் இருட்டில் பக்கவாசலில் ஒரு வெள்ளைச் சட்டையைப் பார்த்த ஞாபகமும் எனக்கு இருக்கிறது. காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். யார் எந்த வார்த்தையில் தடுமாறினார் என்பதுகூட நினைவிருக்கிறது. விளக்கு வருவதற்கு முன்பே ஜெனரேட்டர் சத்தம் கேட்டதா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தற்செயலாக நடந்தது என்றால் அந்தக் கறிவேப்பிலை யாருக்கும் உரியதல்ல. அவன் செய்தது என்றால், இத்தனை வருடங்கள் அவனுக்குச் சேர வேண்டிய நன்றியை என் வீட்டில் தாளித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம், ஓய்வு பெற்றுவிட்ட அவனைப் பார்க்க, புசா ரோடில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அன்றைய கறிவேப்பிலைக் கட்டையையும் எடுத்துப் போய், அஞ்சலை கொடுத்தது என்று சொல்லி மேஜையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தான். கண் கொஞ்சம் கலங்கிய மாதிரி இருந்தது. அதை மறைக்கவோ என்னவோ, பழைய கதையை மறுபடி உற்சாகமாக ஆரம்பித்தான். "என்ன வெயில் அண்ணா அன்னிக்கு! எதிர் பில்டிங்ல எல்லாம் கூலர் ஓடுது, ரோட்ல சிக்னல் எரியுது, நம்ம ஹால் மட்டும் இருட்டு..." என்றவன், சட்டென்று நிறுத்திவிட்டு காப்பியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தான்.

அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தே பழகிப்போன நான், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் முடிக்கும் முன்பே கேட்டேன்: "சரி தேவராஜ், கரண்ட்டைக் கொடுத்தது நீதான், அதை எடுத்தது யார்?"