விடிவதற்குள் வடியாத ஏரி

மதகுக்காரரை எங்கள் வாசகர் வட்டத்தில் சேர்த்தது நான்தான். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொன்னதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நல்லவன் வேஷம் போட எனக்கு விருப்பமில்லை.

என் தொழில் தையல். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, கடையில் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர் உட்காருவோம். எல்லோருக்கும் ஒரே எழுத்தாளர்தான். சரித்திர நாவல் தவிர வேறெதுவும் எழுதாதவர். அவர் கதையில் குதிரை ஓடினால் எங்களுக்கு மூச்சிரைக்கும். அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் அவர் பாகம் பாகமாக வெளியிட்டுவந்த நாவலில் வரும் அரச வம்சத்தின் ஏழு தலைமுறையையும் வரைந்து கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன். என் சொந்தத் தாத்தாவுக்கு அப்பா யார் என்று கேட்டால் முழிப்பேன். வட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. இரண்டாம் பாகத்தில் ஒற்றன் செத்ததிலிருந்து மனுஷன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி கடைக்கே வந்து என்னிடம் சண்டை போட்டார். நான் என்னவோ ஒற்றனைக் கொன்றது போல.

மதகுக்காரர் அணையில் வேலை பார்த்தவர். இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தண்ணீர்க் கதவைத் தூக்குவதும் இறக்குவதும் மணிக்கொரு தரம் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும்தான் அவருடைய முப்பது வருஷம். உள்ளங்கையில் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும். புத்தகத்தைத் தொடுமுன் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவார். அவர் தனக்காக மட்டும் படிக்கவில்லை. அவரை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். அவர் மனைவி, எனக்கு அண்ணி, இடுப்பெலும்பு முறிந்து, பிறகு சிறுநீரகமும் கெட்டு, படுக்கையோடு இருந்தார். கண்ணும் மங்கிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு அண்ணன் வாசிப்பார், அண்ணி கேட்பார்.

அண்ணிக்கு வாளிலும் வேலிலும் அக்கறை கிடையாது. அந்த நாவலில் ஓர் அரசியை மலைக்கோட்டையில் அடைத்துவைத்திருந்தார்கள். அவள் வெளியே வருவாளா, பிரிந்துபோன மகளைப் பார்ப்பாளா என்பது ஒன்றுதான் அண்ணிக்கு வேண்டும். ஐந்து பாகம் என்று அறிவித்ததில் மூன்று வந்திருந்தது. மூன்றாவதை வாசித்து முடித்த அன்று நானும் அங்கே இருந்தேன். அவளுக்காவது காவலுக்குப் பன்னிரண்டு பேர், எனக்கு நீங்கள் ஒருத்தர்தான் என்று அண்ணி அவரைக் கிண்டல் செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ வெளிய வர்றதைக் கேட்டுட்டுதான் நான் போவேன் தம்பி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில்தான் ஏரி வருகிறது. எதிரிப்படை பள்ளத்தில் கூடாரம் அடித்துத் தூங்குகிறது. நம் படைத்தலைவன் ஆறே வீரர்களோடு போய் ஏரியின் மதகைத் திறந்துவிடுகிறான். விடிவதற்குள் பத்தாயிரம் பேர் வெள்ளத்தோடு போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசிப் பேசி எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதகுக்காரர் மட்டும் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார். என்ன அண்ணே என்று கேட்டேன்.

"மதகைத் திறந்தா விடியறதுக்குள்ள கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணி வரும் தம்பி. அவங்க எந்திரிச்சு, பாயைச் சுருட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிருப்பாங்க."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. இதை எழுத்தாளருக்கே எழுதுங்கள், உண்மையான வாசகன் இப்படித்தான் இருக்கவேண்டும், அவர் சந்தோஷப்படுவார் என்று ஏற்றிவிட்டேன். கணக்கு வாத்தியார் தன் பங்குக்கு ஏரியின் பரப்பையும் மதகின் அகலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கடிதம் பதினான்கு பக்கம் வந்தது. பதின்மூன்று பக்கம் பாராட்டு. அண்ணி அரசிக்காகக் காத்திருப்பதைக்கூட மதகுக்காரர் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில்தான் ஏரி. மதகைத் திறந்தால் வடிவதற்கு ஒன்பது நாள் ஆகும். ஒரே இரவில் வெள்ளம் வேண்டுமென்றால் கரையை உடைக்கவேண்டும். கரையை உடைத்தால் கீழே இருக்கும் நம்முடைய மூன்று ஊர்கள்தான் முதலில் மூழ்கும். நம் படைத்தலைவன் அப்படிச் செய்கிறவன் இல்லையே ஐயா என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

பணிவான கேள்விதான். அதற்குள் போனால் வெளியே வர வழியில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மதகு என்றால் படைத்தலைவன் முட்டாள். கரை என்றால் கொலைகாரன். மூன்று பாகமாக நாங்கள் உயிரை விட்ட ஆள் இரண்டில் ஒன்றாக இருந்தே தீரவேண்டும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நாலே வரி. நீங்கள் சொல்வதே சரி, இதுவரை யாரும் சொல்லவில்லை, திருத்தி எழுதப்போகிறேன், அடுத்த பாகம் சற்றுத் தாமதமாகும். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மதகுக்காரரை வெட்டும் மேஜையின் நடுவில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தோம். எழுத்தாளரையே திருத்தியவர் எங்கள் ஆள் என்று நான் துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சற்றுத் தாமதம் ஒரு வருஷமானது. பிறகு இரண்டு. மூன்றாவது வருஷம் பதிப்பகத்துக்கு எழுதியதற்கு, ஆசிரியர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று அச்சடித்த ஒரு சீட்டு வந்தது. வட்டத்தில் யாரும் மதகுக்காரரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் வந்தால் பேச்சு மாறும். வீட்டில் அவர் பழைய மூன்று பாகங்களையும் மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணி இளைத்துக்கொண்டே போனார். எலும்பின் மேல் போர்வை போர்த்தியது போல ஆகிவிட்டார். காது மட்டும் நன்றாகக் கேட்டது. நாலாம் பாகம் எப்போது என்று கேட்பதையும் நிறுத்தவில்லை.

நாலாவது வருஷம் எழுத்தாளர் இறந்துபோனார். செய்தி வந்த ஞாயிறு பதினோரு பேரும் கூடினோம். கணக்கு வாத்தியார்தான் ஆரம்பித்தார்.

"உன் ஏரியிலதான்யா அவரு மூழ்கினாரு."

கணக்குப் போட்டுக் கொடுத்த அதே வாத்தியார். மதகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்தேன். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது. அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு வட்டம் கூடவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மறுவாரம் அவர் வீட்டுக்கே போய், எழுத்தாளர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம், எழுதிவைத்தது எதுவாவது இருக்கும் என்றேன். ரயிலில் ஆறு மணி நேரம். எழுத்தாளரின் மகள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் சோதிக்கும் வேலை அவருக்கு. லீவு போட்டு வந்திருந்தார். அலமாரிகள் காலியாக நின்றன. ஜன்னலோர மேஜைமேல் மட்டும் காகிதக் கட்டுகள். நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அந்த ஏரி லெட்டர் நீங்கதானா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஐந்து பாகத்தையும் முழுக்க எழுதிவிட்டுத்தான் அப்பா முதல் பாகத்தையே அச்சுக்குக் கொடுத்தாராம். கடைசி இரண்டு பாகமும் அந்த ஏரி வெற்றியின் மேல் நிற்பவை. கடிதம் வந்த வாரத்திலேயே இரண்டையும் கிழித்துப்போட்டுவிட்டார். பிறகு நாலாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தையே பதினோரு தடவை எழுதினார். மேஜைமேல் இருந்தவை அவைதான். ஒவ்வொரு கட்டும் ஏரியில் ஆரம்பித்து ஏரியிலேயே நின்றது. ஒன்றில்கூட மலைக்கோட்டை வரவில்லை.

மதகுக்காரர் பதினொன்றையும் புரட்டிப் பார்த்தார். பிறகு, கிழித்துப்போட்டதை யாராவது முன்னாலேயே படித்திருக்கிறார்களா, அதில் அரசி வெளியே வந்தாளா என்று கேட்டார்.

"எந்த அரசி?" என்றார் மகள். "நான் அப்பா எழுதினது எதையும் படிச்சதில்ல சார். அம்மா படிப்பாங்க. அவங்களும் இல்ல."

திரும்பும் வழியெல்லாம் மதகுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணியிடம் அரசி வந்துவிட்டாள் என்றே சொல்லுங்கள், எழுத்தாளர் வீட்டில் கடைசிப் பாகத்தைப் படித்தோம் என்று நானும் சேர்ந்து சொல்கிறேன் என்றேன். அவருக்குப் பொய் வராது. அண்ணிக்காகச் சரி என்றார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கோட்டையின் தூக்குக் கதவு பல வருஷம் அசையாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, எட்டுப் பேர் சக்கரத்தைப் பிடித்து, மூச்சு வாங்க முந்நூறு சுற்றுச் சுற்றுகிறார்கள். கதவு முழங்கால் உயரம் எழும்பியதும் அரசி காத்திருக்காமல் குனிந்து வெளியே வருகிறாள். கீழே மகள் நிற்கிறாள். எனக்கே கண் நிறைந்துவிட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு கையை நீட்டி அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

"எத்தனை சுத்துன்னு அந்த எழுத்தாளருக்கு எப்படிங்க தெரியும்?"

அண்ணன் இன்னொரு கையால் அண்ணியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கவேண்டும். அன்றைக்கும் என் வாய் உதவவில்லை.

"அப்போ அவ வெளிய வரல."

இல்லை என்று அண்ணன் சொல்லவில்லை. அண்ணி அவர் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் பதினோரு வாரம் இருந்தார். ஒரு நாள்கூட வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.