அல்போன்சா தேடிய ஆன்டிவைரஸ்

சுவிட்சைத் தட்டியதும் அல்போன்சாவின் கை செபமாலைக்குப் போய்விடும். முதல் ‘அருள் நிறைந்த மரியே’யில் கணினி கனைக்கும். நான்காவதில் திரை நீலமாகும். ஒரு பத்து, அதாவது பத்து ‘மரியே’, முடிவதற்குள் திரையில் படங்களெல்லாம் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், உள்ளே வேண்டாதது ஏதோ குடியேறியிருக்கிறது என்று அர்த்தம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் அவளுடைய டி.டி.பி. கடை. கணினிக்குப் பதினான்கு வயது, நினைவகம் இரண்டே ஜி.பி. புதிது வாங்கச் சொல்லாத ஆளில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் வடிவமைக்கிற அவளுடைய பழைய மென்பொருள் புதுக் கணினி எதிலும் ஏறமாட்டேன் என்கிறது. இது படுத்தால் கடையும் படுத்துவிடும். வைரஸோ, வருகிறவர்களின் பென்டிரைவில் ஏறிக்கொண்டு கடைக்கே வருகிறது.

அதனால் போன தவக்காலத்தில் ஆன்டிவைரஸ் பார்க்கும் படலம் ஆரம்பமானது. முதலில் ஏற்றியது பளபளப்பான பெட்டியில் வந்த பெரிய சரக்கு. மறுநாள் காலை திரை தெளிவதற்குள் முழுச் செபமாலையும் முடிந்து மன்றாட்டு மாலையும் தொடங்கிவிட்டது. “வைரஸே தேவலப்பா. இது வந்ததுலருந்து மிசினு எந்திரிக்கவே மாட்டேங்குது” என்று, பழுது பார்க்கும் ஸ்டீபன்ராஜிடம் கழற்றச் சொன்னாள். அடுத்தது இலவசம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப்பார்த்து, காசு கட்டச் சொல்லி நச்சரித்தது. மூன்றாவது, அவள் வைத்திருந்த தமிழ் எழுத்துருக்களையே திருட்டுப்பயல் என்று பிடித்து அழித்தது. பாவம், அன்றைக்கு ஒரு பூப்பு நீராட்டு விழாப் பத்திரிகை முழுக்கக் கட்டம் கட்டமாய் வந்து நின்றது.

கடைசியில் ஸ்டீபன்ராஜ் சின்னதாக ஒன்றை ஏற்றினான். சத்தம் போடாது, இடம் அடைக்காது. முழுச் சோதனையை அவள் சாப்பிடப் போகும் நேரத்துக்கு வைத்துக் கொடுத்தான். “ரெண்டு ஜி.பி.க்கு இம்புட்டுத்தான்க்கா தாங்கும்.” மறுநாள் காலையில் செபமாலையில் ஒரு பத்துக்கு மேல் இரண்டு மணிகள்தான் கூடுதலாக உருண்டன. “மாதா கோவிச்சுக்க மாட்டா” என்று ஏற்றுக்கொண்டாள்.

அதிலிருந்து கடையில் சட்டம் ஒன்றுதான். வைரஸ் என்று சிவப்பு எழுத்து வந்தால் பென்டிரைவ் வெளியே. கூடப் பிறந்த அண்ணனையே அப்படித் திருப்பி அனுப்பியவள் அவள்.

போன வியாழக்கிழமை எரியோட்டிலிருந்து காத்தமுத்து என்ற பூ விவசாயி வந்தான். மறுநாள் அவன் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். போஸ்டருக்குப் படம் வேண்டும். கொண்டுவந்த பென்டிரைவைச் செருகியதும் சிவப்பு. வைரஸ் இருக்கிறது, பென்டிரைவைத் திறக்க முடியாது என்று ஆன்டிவைரஸ் கறாராகச் சொல்லிவிட்டது.

“வேற படம் கொண்டாப்பு.”

“இல்லக்கா. படம்னாலே ஓடிருவாக. மச்சினன் கல்யாணத்துல எடுத்த இது ஒண்ணுதேன்.”

“ஆதார் கார்டுல இருக்கும்ல?”

“அதுல இருக்கிறது எங்கம்மாவே இல்லக்கா.”

அல்போன்சா திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது, உயிரோடு இருப்பவளைச் சொல்வதுபோல இன்னும் ‘ஓடிருவாக’ என்கிறானே பிள்ளை. இணைய வயரைப் பிடுங்கினாள். “நீ செத்த நேரம் கண்ண மூடிக்க” என்று ஆன்டிவைரஸை நிறுத்தினாள். பென்டிரைவ் திறந்தது. பந்தியில் இலைக்கு முன்னால் அவன் அம்மா மூக்காயி, சோற்றில் கை வைத்தபடி, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்தை எடுத்துக்கொண்டு பென்டிரைவை உருவினாள். ஆன்டிவைரஸைத் திரும்ப ஓடவிட்டாள். கணினி முக்கி முனகியது. திரையில் சிவப்பு வரிகள் ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏறின.

“அக்கா, என்னால மிசினுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

சிவப்பு வரிகளைப் பொருட்படுத்தாமல் அவள் பிரிண்டரைப் போட்டாள். போஸ்டர் அடிக்கும் முன்னால், அவன் கேட்காமலே, அந்தப் படத்தை உள்ளங்கை அளவில் ஒரு பிரதி எடுத்தாள். ஈரமாயிருந்த மையை ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு அதை அவன் சட்டைப்பையில் தன் கையாலேயே வைத்து, பித்தானையும் போட்டுவிட்டாள்.